வியர்வையில் கரையும் நுண்தாதுக்கள்

வெயிலில் வேலை செய்தாலும் மைதானத்தில் ஓடினாலும் வியர்வையோடு உப்பு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். துத்தநாகம், இரும்பு, செம்பு போன்ற நுண்தாதுக்களும் அதில் போகின்றன. ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். துத்தநாகம் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான். ஆனால் நம் உடலில் இருக்கும் மொத்தத் துத்தநாகமே இரண்டு மூன்று கிராம்தான். அதனால் இந்தச் சிறிய இழப்பையும் ஆய்வாளர்கள் அலட்சியப்படுத்தவில்லை.

பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் 21 வயது இளைஞர் ஒருவரைப் பரிசோதித்தார். பார்த்தால் பத்து வயதுச் சிறுவன் போலிருந்தார். சாப்பாடு பெரும்பாலும் ரொட்டிதான்; மண் தின்னும் பழக்கமும் இருந்தது. பிரசாத் பின்னர் எகிப்தில் தொடர்ந்த ஆய்வுகள், மனிதர்களுக்கும் துத்தநாகக் குறைபாடு வரும் என்பதை உறுதிசெய்தன. 1963இல் அவரது குழு வியர்வையையும் சோதித்தது. ஆரோக்கியமானவர்களிடம் லிட்டருக்குச் சுமார் 1.15 மி.கி. துத்தநாகம் இருந்தது. அந்த விகிதத்தில், நாள் முழுக்க நான்கைந்து லிட்டர் வியர்ப்பவர் சுமார் 5 மி.கி. இழக்கக்கூடும்.

உடலின் சிக்கனம்

இந்தக் கணக்கைப் பின்னாளைய ஆய்வுகள் திருத்தின. ஆய்வாளர்கள் கையைக் கனிமம் நீக்கிய நீரில் கழுவித் துடைத்து, பிளாஸ்டிக் பையை ஒட்டி வியர்வையைச் சேகரிக்கிறார்கள். அப்படியும் முதலில் வரும் வியர்வையில் உதிர்ந்த தோல் செல்களும் அவற்றிலுள்ள தாதுக்களும் கலந்துவிடுகின்றன. நேரம் போகப் போக இரும்பு, துத்தநாக அளவு இறங்குகிறது. ஆகவே, முதல் அளவை நாள் முழுவதற்கும் பெருக்கினால் இழப்பு மிகையாகத் தெரியும்.

உடலும் வெப்பத்துக்குப் பழகிக்கொள்கிறது. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்கள் 45 டிகிரி செல்சியஸில் பத்து நாள் டிரெட்மில்லில் நடந்தார்கள். முடிவில் வியர்வையின் செம்பு பாதியாகவும், மெக்னீசியம் நாற்பது சதவீதத்துக்கு மேலும் குறைந்திருந்தன.

ரத்தப் பரிசோதனை சொல்லாதது

கடும் உடற்பயிற்சி முடிந்த கையோடு ரத்தத்தில் துத்தநாகம் கூடும். தசையிலிருந்து கசிவதே காரணம். சில மணி நேரத்தில் அது குறைந்துவிடும். உடலின் துத்தநாகத்தில் பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும் இருப்பதால், அந்த நேரத்து அளவை வைத்துக் குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது.

இரும்பின் கதை வேறு. பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்கிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு செல்லும் வழியை அது அடைக்கிறது. நெடுந்தூரம் ஓடுபவர்களுக்குப் பாதம் தரையில் மோதும்போது சிவப்பணுக்கள் உடைவதும் சேர்ந்துகொள்ளும். மாதவிடாயால் ஏற்கெனவே இரும்பை இழக்கும் பெண் வீரர்களுக்கு இது பெரிய சுமை.

அதற்காகத் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்து. துத்தநாகம் அளவுக்கு மீறினால் குடல் செம்பை உறிஞ்சாது. முட்டை, மீன், இறைச்சி, பயறு, நிலக்கடலை, எள் ஆகியவை பாதுகாப்பான வழி. பயறை முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் தாதுக்களைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். இரும்புச்சத்து குறைந்தவர்கள் சாப்பாட்டோடு தேநீர் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது.

ஷிராஸ் இளைஞரின் வளர்ச்சி நின்றதற்கு முதன்மைக் காரணம் வியர்வை அல்ல, உணவு. நன்றாகச் சாப்பிடுபவர் வியர்வையில் போவதை ஈடுகட்டிக்கொள்வார். வெறும் சோற்றையோ ரொட்டியையோ நம்பி வெயிலில் உழைப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வெப்ப அலைக் காலத்தில் தொழிலாளர்களுக்குத் தண்ணீரும் நிழலும் தருவது கட்டாயம். சத்தான மதிய உணவையும் அதோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும்.