இரு கிளினிக் கொப்பிகளும் ஒரே ஈரலும்

உம்மும்மா இரவில் இரண்டு குளிசைகள் குடிப்பார். ஒன்று கொலஸ்ட்ரோலுக்கான அட்டோர்வாஸ்டட்டின். மற்றது மனச்சோர்வுக்கான செர்ட்ரலின். இரண்டும் வெவ்வேறு கிளினிக்குகளில் கிடைப்பவை. ஒன்றாகக் குடித்தால் ஆபத்தா என்று உம்மா கேட்டார். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவளிடம் வீட்டார் இப்படித்தான் கேட்பார்கள்!

நாம் விழுங்கும் மருந்தை ஈரலிலுள்ள நொதியங்கள் சிதைத்து வெளியேற்றுகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் சி.வை.பி. 3ஏ4. சிம்வாஸ்டட்டின், லோவாஸ்டட்டின், அட்டோர்வாஸ்டட்டின் ஆகியவற்றைச் சிதைப்பது பெரும்பாலும் இதுவே. இன்னொரு மருந்து இந்த நொதியத்தைத் தடுத்துவிட்டால் ஸ்டட்டின் சிதையாமல் இரத்தத்தில் கூடிக்கொண்டே போகும். அளவோடு குடித்தாலும் அளவுக்கு மிஞ்சிக் குடித்த மாதிரித்தான். அப்போது தசைநார்கள் சிதையலாம். சிதைவுப் பொருட்கள் சிறுநீரகத்தையும் பழுதாக்கலாம். இது அரிது, ஆனால் உயிராபத்தானது. காரணமின்றித் தசைநோவு, பலவீனம், தேயிலைச் சாயம் போன்ற கடும் நிறச் சிறுநீர் கண்டால் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

எல்லா மனச்சோர்வு மருந்துகளும் இப்படிச் செய்வதில்லை. நெபசோடோன் இந்த நொதியத்தைக் கடுமையாகத் தடுப்பது. அதனுடன் சிம்வாஸ்டட்டின் கொடுக்கவே கூடாது. ஈரலைப் பாதித்ததால் அம்மருந்து பல நாடுகளில் சந்தையிலிருந்து நீங்கிவிட்டது. புளுவொக்சமினும் ஓரளவு தடுக்கும். செர்ட்ரலின், எசிட்டலோபிராம் போன்றவை இதை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. தேவைப்பட்டால் வைத்தியர் பிரவாஸ்டட்டின், ரொசுவாஸ்டட்டின் போன்றவற்றுக்கு மாற்றலாம். அவை இந்த நொதியத்தை நம்பியிருப்பவை அல்ல. ‘மூலிகைதானே’ என்று சிலர் வாங்கும் சென். ஜோன்ஸ் வோர்ட் இதற்கு நேர்மாறு. அது நொதியத்தைத் தூண்டி, இத்தகைய ஸ்டட்டினின் பயனைக் குறைத்துவிடலாம்.

உம்மும்மாவின் சோடி பொதுவாகச் சேர்த்தே கொடுக்கப்படுவதுதான். ஆனால் எனக்குக் கவலை தந்தது வேறொன்று. கொலஸ்ட்ரோல் கிளினிக்கில் மற்றக் குளிசையைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. “பைத்தியக் குளிசை குடிக்கிறாள் என்பார்கள்” என்கிறார். சீனி வருத்தத்தைச் சந்தியில் நின்று சொல்லும் நம் ஊரில் மனச்சோர்வு மட்டும் ஏன் முந்தானைக்குள் ஒளிகிறது? சொல்லாத மருந்தை எந்த வைத்தியராலும் கணக்கில் எடுக்க முடியாது.

எனவே இரு கொப்பிகளையும் இரு கிளினிக்குகளிலும் காட்டுங்கள், பார்மசியிலும் சொல்லுங்கள். இதை வாசித்துப் பயந்து எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மனச்சோர்வு மருந்தைத் திடீரென விட்டால் தலைச்சுற்றும் பதற்றமும் வரலாம்; நோயும் திரும்பலாம்.