கழுகுமலையும் எகிப்தியக் கோயில் நகரமும்

பழைய நாகரிகங்களின் சின்னங்களை நேரிற் காணவேண்டும் என்னும் ஆவல் கற்றோர் யாவர்க்கும் இயல்பாக உள்ளது. அவ்வாவல் எழுந்தவுடன் நம் மாணவர் பலருடைய மனம் எகிப்து நாட்டை நோக்கிச் செல்லும். நைல் நதியின் கீழ்க்கரையிலே லக்சர் என்று இக்காலத்து வழங்கும் ஊர், பண்டு தீப்ஸ் என்று பெயர்பெற்ற கோயில் நகரமாகும். அங்குள்ள கர்னாக் கோயிலின் ஒரு மண்டபத்தில் மட்டும் 134 தூண்கள் நிற்கின்றன. நடுவரிசைத் தூண்கள் ஏறத்தாழ 21 மீட்டர் உயரமுடையன. கர்னாக் கோயிலையும் லக்சர் கோயிலையும் இணைக்கும் நெடுவீதி, இருமருங்கும் சிங்கவுடற் சிலைகள் நிரைத்தது. மண்ணுள் மறைந்து கிடந்த அவ்வீதி அகழ்ந்தெடுக்கப்பெற்று 2021-ஆம் ஆண்டில் மக்கள் நடமாடத் திறக்கப்பட்டது.

இவற்றைக் கடல்கடந்து சென்று காணும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. எனினும், பழைய கோயிலொன்றை எவ்வாறு காண்பது என்னும் கல்வியைக் கற்கக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கோவில்பட்டியினின்றும் மேற்கே சங்கரன்கோவிலுக்குச் செல்லும் வழியில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலை அக்கல்விக்குப் போதிய பள்ளியாகும். அதனைக் காணும் முறையையும், காணுங்கால் நாம் காத்தற்குரிய ஒழுக்கத்தையும் ஈண்டுச் சுருங்க எடுத்துரைப்போம்.

முதலில் நிலத்தைக் காண்போம். பண்டை எகிப்தியர் தம் நாட்டைக் ‘கெமெத்’ என்று அழைத்தனர். ‘கறுப்பு நிலம்’ என்பது அதன் பொருள். நைல் நதி ஆண்டுதோறும் பெருகிக் கொணர்ந்து பரப்பிய வண்டலின் நிறத்தால் அப்பெயர் உண்டாயிற்று. நமது நாடும் கறுப்பு நிலமே. ஆயின் இங்கே நைல் இல்லை. வானம் தரும் நீரே நீர். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைக்கும் மானாவாரி நிலம் இது. கோடையில் ஆள் கால் நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும் கரிசல், மழை பெய்த மறுநாள் செருப்போடு ஒட்டிக்கொண்டு நடப்பாரை விடாது. பேராற்றின் செல்வம் பெற்ற நாட்டார் பெருங்கோயில் எடுத்தது வியப்பன்று. மேகத்தை அண்ணாந்து பார்த்து வாழும் இந்நிலத்தின் நடுவே ஒரு மலையைக் கோயிலாக்கத் துணிந்தாரே, அத்துணிவை நினைந்துகொண்டு மலையேறுவது நன்று.

மலையடிவாரத்திலே கழுகாசலமூர்த்தி என்னும் முருகன் கோயில் உளது. மலையைக் குடைந்தமைத்த கருவறையை உடைய இக்கோயிலின் பெருமையையே அண்ணாமலை ரெட்டியார் தம் காவடிச்சிந்தில் பாடினார். இங்கு வருவோரிற் பலர் முருகனை வழிபட்டவுடன் திரும்பிவிடுகின்றனர். மேலே உள்ள இரண்டு அரிய பொருள்கள் அவர் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. அவை வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களுமாம்.

வெட்டுவான் கோயில் கட்டிய கோயிலன்று, வெட்டிய கோயில். மலைச்சரிவிலே பாறையை ஏறத்தாழ 25 அடி ஆழத்திற்குச் சுற்றிலும் அகழ்ந்து எடுத்துவிட்டு, நடுவில் நிறுத்திய ஒரே கல்லைக் கோயிலாகச் செதுக்கினர். எல்லோராவிலுள்ள கயிலாசநாதர் கோயிலும் இம்முறையில் அமைந்ததே. இது பாண்டியர் பணி, கி. பி. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர் அறிஞர்.

கட்டடம் எழுப்புவோன் அடித்தளத்தில் தொடங்கிச் சிகரத்தில் முடிப்பான். பாறையைக் கோயிலாக்குவோனோ சிகரத்தில் தொடங்கி அடித்தளத்தில் முடிக்க வேண்டும். தான் நிற்பதற்குரிய இடத்தை வெட்டிக்கொண்டே அவன் கீழிறங்குகின்றான். கட்டுவோன் பிழைபட்ட கல்லை நீக்கி வேறு கல் வைக்கலாம். இவனுக்கு மாற்றுக் கல் இல்லை. நந்தியின் கொம்பு ஒன்று சிதறினால் அது சிதறியதே. ஆதலின், முதல் உளி பாறையிற் படுமுன்னரே கோயில் முழுவதும் அவன் உள்ளத்தில் நிறைவுற்றிருத்தல் வேண்டும்.

இக்கோயிலின் மேற்பகுதி நிறைவுற்றிருக்கின்றது. சிகரமும், அதன் கீழ் அமர்ந்த நந்திகளும், குறும்பு நிறைந்த முகமுடைய பூதகணங்களும், உமையொடு அமர்ந்த சிவனும், திருமாலும் பிரமனும் உயிருடையார் போலத் தோன்றுகின்றனர். தென்புறத்துத் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கும் கோலத்தில் இருப்பது பிற இடங்களிற் காண்டற்கரிய காட்சி. கண்ணைச் சற்றுக் கீழே இறக்கினால் வேலை திடீரென நின்றுபோயிருப்பது புலப்படும். அடிப்பகுதி முற்றுப்பெறவில்லை, உளியின் வடு அங்கங்கே அப்படியே கிடக்கின்றது.

இங்ஙனம் நின்றதற்குக் காரணமாக ஊரார் ஒரு கதை கூறுவர். தந்தையாகிய சிற்பி கீழேயும், அவன் அறியாத அவன் மகன் மேலேயும் வேலை செய்தனராம். மேலே இருப்பவன் வேலையே சிறந்தது என்று மக்கள் புகழக் கேட்ட தந்தை, பொறாமையால் அவனைக் கொன்று, பின்னரே தன் மகன் என்று அறிந்து கதறினானாம். இது சரித்திரமன்று. ஆயினும், பாதியில் நின்ற கோயிலைக் கண்ட மக்கள், அதற்கு ஈடான ஒரு துயரத்தைத் தேடிக் கண்டனர் என்பது இக்கதையால் விளங்குகின்றது.

முற்றுப்பெறாமை ஒரு குறை என்று பலர் கருதுவர். கற்பவர்க்கோ அதுவே பெரும் பயன். எகிப்து நாட்டு அஸ்வானில், கருங்கற் குடைவிலே ஒரு தூண் கிடக்கின்றது. ஏறத்தாழ 42 மீட்டர் நீளமுள்ளது. எடுத்து நிறுத்தியிருந்தால் 1,000 டன்னுக்கு மேற்பட்ட நிறையுடையதாயிருக்கும். வேலை நடக்கும்போதே கல் பிளந்துவிட்டமையால் அப்படியே விடப்பட்டது. வன்மையான கற்குண்டுகளால் இடித்து இடித்துப் பாறையைத் தேய்த்தனர் என்னும் உண்மையை அக்கைவிடப்பட்ட தூணைச் சுற்றியுள்ள அடையாளங்கள் காட்டுகின்றன. நிறைவுற்று நிற்கும் தூண்கள் அரசனது புகழைச் சொல்லும். கிடக்கும் தூண் தொழிலாளியின் தோள்வலியைச் சொல்லும். வெட்டுவான் கோயிலின் அடிப்பகுதியும் அவ்வாறே பேசுகின்றது.

அங்கிருந்து மலையின் மறுபுறஞ் சென்றால் சமணர் செதுக்கிய உருவங்களைக் காணலாம். பாறை முகப்பிலே வரிசை வரிசையாக ஏறத்தாழ 150 சிற்பங்கள் உள்ளன. ஐந்தலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், காலிற் கொடி சுற்றியும் தவம் கலையாத பாகுபலி, சிங்கத்தோடும் மக்களோடும் நிற்கும் அம்பிகை முதலியோரை இனங்கண்டு கொள்ளலாம். சிற்பங்களின் அடியில் வட்டெழுத்தில் ஏறத்தாழ 100 கல்வெட்டுகள் காணப்படுகின்றன. பெரும்பாலன மிகச் சிறியன: இன்ன ஊரினர், இன்ன குரவரின் மாணாக்கர், செய்வித்த திருமேனி என்னும் அளவில் நின்றுவிடுவன. குரத்தியார் எனப்பெறும் பெண்பாற் குரவர் பெயர்களும் இவற்றில் வருகின்றன. இன்று கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் எனப்படும் திருச்சாரணத்திலிருந்தும், கோட்டாற்றிலிருந்தும் வந்தோர் இங்கே உருவம் செய்வித்திருக்கின்றனர். ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஆசிரியரும் மாணாக்கருமாக, பெண்டிர் கற்பிக்கும் தகுதி பெற்று, இக்கரிசற் காட்டில் ஒரு கல்விக் கூட்டம் தழைத்திருந்தது என்பதைக் கல்லூரி மாணவர் அறிதல் தகும். 1822-ஆம் ஆண்டில் சாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் எகிப்திய எழுத்தைப் படித்த பின்னரே அந்நாட்டுக் கோயில்கள் வாய் திறந்தன. நம் வட்டெழுத்தும் கற்றாற்கே வாய் திறக்கும்.

பெயர் பொறித்தலைப் பற்றி இனி ஒரு சொல். தீப்ஸ் நகருக்கு எதிரே, நைலின் மேல்கரையில், அரசர் பள்ளத்தாக்கு என்னும் இடத்தில் எகிப்திய மன்னர்களின் கல்லறைகள் உள்ளன. உரோமர் ஆண்ட காலத்திலேயே அவற்றைக் காணப் பயணிகள் திரண்டு சென்று தம் பெயர்களைச் சுவரிற் கீறினர். அவருள் தமிழரும் இருந்தனர் என்பது 2026-ஆம் ஆண்டில் அறிஞர்களால் வெளியிடப்பட்டது. சிகை கொற்றன் என்னும் ஒருவன் ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் தன் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தால் பொறித்து வைத்திருக்கின்றான். இச்செய்தி நம்மைப் பூரிக்கச் செய்கின்றது.

ஆனால் இங்கே ஒரு வினா எழும். கொற்றன் கீறியது நமக்குச் செல்வமாயின், இன்று கழுகுமலைப் பாறையில் ஒருவன் தன் பெயரைக் கீறுவது ஏன் குற்றமாதல் வேண்டும்? லக்சர் கோயிற் சிற்பத்தின்மேல் ஓர் அயல்நாட்டுச் சிறுவன் தன் பெயரைக் கீற, 2013-ஆம் ஆண்டில் அவன் பெற்றோர் உலகறிய மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கொற்றனுக்கு ஒரு நீதி, இச்சிறுவனுக்கு ஒரு நீதியா?

விடை இதுவாம். கொற்றன் செய்ததும் நற்செயல் அன்று. காலத்தால் அரிதாகிச் சான்றானமையின் அதனைப் பொறுத்துப் போற்றுகின்றோம். அவன் வருகையை அறிதற்கு வேறு வழி நமக்கில்லை. நம் வருகையை அறிவிக்கவோ கடிதமும் நிழற்படமும் உள்ளன. ஆண்டுதோறும் வருவோர் ஒவ்வொருவரும் ஓரெழுத்துக் கீறினும், சில தலைமுறைகளில் குரத்தியார் பெயரும் கொடையாளர் பெயரும் நம் கிறுக்கலுக்குள் மறைந்தொழியும். மேலும், கழுகுமலைக் கல்வெட்டில் உள்ள பெயர்கள் ஒரு திருமேனியை உலகிற்குக் கொடுத்தவர் பெயர்கள். கொடுத்தவர் பெயர்மீது, ஒன்றும் கொடாதவர் பெயர் ஏறுதல் முறையோ? இம்மலைச் சின்னங்கள் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையாற் பாதுகாக்கப்படுவன. அவற்றைச் சிதைப்பது சட்டப்படியும் தண்டனைக்குரியது. எனினும் காவலர் ஒருவரால் மலை முழுவதையும் காத்தல் இயலாது. காண வருவோர் கையே காவலாதல் வேண்டும்.

செல்ல விரும்புவோர் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையிற் புறப்படுக. வெயில் ஏறிய பின் பாறை சுடும், நிழலும் அரிது. குடிநீரும் ஒரு குறிப்பேடும் உடன் கொள்க. சிற்பத்தைத் தொடாமல், சாய்ந்த கதிர் அதன்மேல் விழும்போது பொறுமையாக நின்று நோக்குக. கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி, இயன்றார் வட்டெழுத்தின் சில எழுத்துகளையேனும் கற்று, மறுமுறை சென்று ஒரு பெயரையாவது தாமே படித்தறிக. அங்ஙனம் படித்தறிந்த பெயருக்குரியவர், நூற்றாண்டுகள் பல கடந்தும் நமக்கு உறவினர் ஆவர்.