அடுத்த வீட்டில் ஆணி அடித்தால் இந்த வீட்டில் டம்ளர் விழும்!

கம்ப்யூட்டரின் பலவீனத்தை காசு வாங்காமல் கற்றுத்தரும் பேராசிரியர்கள்

ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்தால், இந்த வீட்டு அலமாரியில் இருக்கும் டம்ளர் உருண்டு விழும். அவர் உள்ளே வரவில்லை. பூட்டை உடைக்கவும் இல்லை. ஆனாலும் டம்ளர் விழுந்துவிட்டது.

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு சங்கதி நடக்கிறது. அதற்கு "ரோ ஹேமர்" என்று பெயர். "ரோ" என்றால் வரிசை. "ஹேமர்" என்றால் சுத்தியல்.

சம்பளக் கணக்கு, வங்கி இருப்பு, மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் இன்று கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகின்றன. ஆகவே இது என்ஜினீயர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. இதைக் கற்றுத்தரும் பாடங்களும் இப்போது கல்லூரிக் கதவுக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை.

சுத்தியல் அடி

கம்ப்யூட்டரின் மெமரி சிப்பில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அறையில் துளி மின்சாரம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்பது கணக்கு.

அந்த மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் சாதாரணமாக 64 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, அதாவது வினாடிக்கு சுமார் 15 தடவை, ஒவ்வொரு வரிசையும் புதுப்பிக்கப்படுகிறது.

சிறிய சிப்பில் அதிகம் சேமிக்க வேண்டும் என்று அறைகளை நெருக்கி நெருக்கி அமைத்தார்கள். அங்கேதான் வினை பிறந்தது. ஒரு வரிசையை வேகமாக, திரும்பத் திரும்பத் திறந்து மூடினால், பக்கத்து வரிசையின் மின்சாரம் முன்னதாகவே கசிந்து விடுகிறது. 1 என்று இருந்தது 0 ஆகிவிடுகிறது.

2014-ம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும், இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் 129 மெமரி பலகைகளைச் சோதித்தார்கள். 110 பலகைகளில் இந்தக் கோளாறு இருந்தது. 1 லட்சத்து 39 ஆயிரம் தடவை தட்டியதுமே சிலவற்றில் எண் மாறியது. கம்ப்யூட்டருக்கு அது ஒரு கண் இமைக்கும் நேர வேலை!

மறு ஆண்டே கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றைச் செய்து காட்டினார்கள். இந்த வழியைப் பிடித்து, ஒரு சாதாரண புரோகிராம் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றியது.

டீக்கடை ரகசியம்

2018 ஜனவரியில் "மெல்ட்டவுன்", "ஸ்பெக்டர்" என்ற இரண்டு ஓட்டைகள் வெளியே தெரிந்தன. இவை மெமரியில் அல்ல, கணக்குப் போடும் பிராசசரில் இருந்தவை.

தினமும் வருகிறவர் தலை தெரிந்ததும், கேட்காமலே டீ போட ஆரம்பிப்பார் கடைக்காரர். அவர் "காபி" என்று சொன்னால் டீயைக் கொட்டி விடுவார். ஆனால் கழுவாத கிளாஸ் அங்கேயே இருக்கும். அதைப் பார்த்தே அவர் என்ன குடிப்பார் என்று மூன்றாம் ஆள் தெரிந்து கொள்ளலாம். பிராசசரும் நேரத்தை மிச்சப்படுத்த, அடுத்த வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்கிறது. அது விட்டுச் செல்லும் தடயத்திலிருந்து ரகசியத்தைத் திருடலாம்.

கட்டணம் இல்லை

2014 ஆராய்ச்சியில் பங்கு கொண்டவர்களில் ஒருவர் பேராசிரியர் ஓனூர் முட்லு. பின்னர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் உள்ள இ.டி.எச். பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவர் மாணவர்களுக்கு நடத்திய வகுப்புகள் யூடியூபில் இருக்கின்றன. கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வும் இல்லை. கண்டுபிடித்தவர் வாயாலேயே பாடம் கேட்கலாம்.

நம் நாட்டிலும் வசதி உண்டு. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில், கம்ப்யூட்டர் அமைப்பு பற்றிய பாடங்கள் பல உள்ளன. கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் தேப்தீப் முகோபாத்யாய் நடத்திய "ஹார்டுவேர் செக்யூரிட்டி" பாடமும் அதில் இருக்கிறது. பார்ப்பதற்குப் பணம் வேண்டாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம்.

எங்கே தொடங்குவது?

பாதுகாப்புப் பாடத்தில் முதலில் கை வைப்பவர்கள் பாதியில் விட்டு விடுவார்கள். 0, 1 கணக்கு, மின்சுற்று, பிராசசர், மெமரி என்று படிப்படியாக ஏற வேண்டும். பாதுகாப்பு கடைசிப் படி.

ஒரு வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓடும். வேலை முடிந்து களைத்து வருகிறவர் தினம் அரை மணி நேரம் பார்த்தால் போதும். ஆங்கிலம் வேகமாகப் போனால் வேகத்தைக் குறைக்கலாம். எழுத்தையும் ஓட விடலாம். ஆனால் நோட்டும் பென்சிலும் கையில் வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வீடியோவை மட்டும் பார்ப்பது, சமையல் நிகழ்ச்சி பார்த்துப் பசி ஆறுவது போலத்தான்.

சான்றிதழ் வந்ததும் வேலை வந்து கதவைத் தட்டும் என்று நம்பி ஏமாறவும் கூடாது. ஆனால் கற்றவருக்கு அடுத்த வாசல் திறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய "சக்தி" பிராசசரின் வடிவமைப்பு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டுள்ளது. படித்ததை அதில் வைத்து சரிபார்க்கலாம்.

2020-ல் வெளியான ஓர் ஆய்வு, புதிய மெமரி சிப்புகள் பழையவற்றைவிடக் குறைந்த அடியிலேயே தடுமாறுகின்றன என்று காட்டியது. காவலுக்கு ஆள் தேவை.

சுவர் மெல்லியது என்று தெரிந்தவர்தானே டம்ளரை உள்ளே தள்ளி வைப்பார்?