இறைச்சி, மீன் ஊற வைக்க ஜப்பானிய முறைச் சாறு: பன்னீர் திராட்சையில் தயாரிக்கலாம்

பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து இறங்கும் லோயர் கேம்ப் முதல் சின்னமனூர் வரை, கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பன்னீர் திராட்சை அறுவடையாகிறது. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்ற பழம் இது. ஆனால் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக் கொண்டால் பழம் வெடிக்கும். வெடித்த கொத்தை வியாபாரி ஒதுக்கி விடுவார். அந்தக் கொத்தில் நல்ல பழங்களும் இருக்கும். அவற்றை உதிர்த்து வீட்டு உபயோகத்துக்குச் சாறாக்கும் வழிகளில் ஒன்றை இங்கே விளக்குகிறோம்.

ஜப்பானியர் மீன், கோழி, கத்தரிக்காய் முதலியவற்றைச் சுடுவதற்கு முன் ஒரு சாற்றில் ஊற வைப்பார்கள். சோயா சாஸ், அரிசியில் வடிக்கும் 'சாக்கே' என்னும் மது, 'மிரின்' என்னும் இனிப்பு அரிசி மது, சிறிது சர்க்கரை ஆகியவை இதன் அடிப்படைப் பொருள்கள். இச்சாற்றைப் பூசிச் சுட்ட உணவுக்குத் 'தெரியாக்கி' என்று பெயர். 'தெரி' என்றால் பளபளப்பு, 'யாக்கி' என்றால் சுட்டது. சோயா சாஸ் உப்பையும் மணத்தையும் தருகிறது. மிரின் இனிப்பையும் பளபளப்பையும் தருகிறது. மது கவிச்சி வாடையைப் போக்குகிறது. இரண்டு மதுக்களுக்கும் பதிலாகச் சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாற்றைச் சேர்த்தால், இனிப்போடு புளிப்பும் கிடைக்கும். குளத்து மீனின் சேற்று வாடையைப் புளிப்பு குறைக்கும். மீன் குழம்பில் நாம் புளி கரைத்து ஊற்றுவதிலும் இந்தப் பயன் உண்டு. சுவை அச்சு அசலாக ஜப்பானியச் சுவையாக இராது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

திராட்சைச் சாறு

பூசணம் பிடித்த பழம், புளித்த வாடை வரும் பழம் இவற்றைத் தயங்காமல் கழித்து விடவும். கடைசியாக மருந்து தெளித்த பின், அம்மருந்துக்குரிய காத்திருப்புக் காலம் முடிந்த பழமாகவும் இருக்க வேண்டும். வீட்டுக்குத்தானே என்று இதில் அலட்சியம் கூடாது. சாற்றை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சும்போது இனிப்பு மட்டும் செறிவதில்லை. சூட்டில் சிதையாத மருந்தின் எச்சமும் சேர்ந்தே செறியும். பழத்தை இரண்டு மூன்று முறை கழுவினாலும், உள்ளே ஊடுருவிய மருந்து போகாது.

ஒரு கிலோ பழத்தைக் கையால் பிசைந்து, எவர்சில்வர் பாத்திரத்தில் இளந்தீயில் 10 நிமிடம் சூடாக்கி, துணியில் வடிகட்டவும். ஏறத்தாழ 600 மி.லி. சாறு கிடைக்கும். இதை 200 மி.லி. ஆகும் வரை காய்ச்சவும். அலுமினியப் பாத்திரம் ஆகாது; புளிப்பும் உப்பும் அதை அரிக்கும்.

கலக்கும் விதம்

ஒரு கிலோ இறைச்சிக்கு அளவு இது: சோயா சாஸ் 100 மி.லி., காய்ச்சிய திராட்சைச் சாறு 100 மி.லி., நாட்டுச் சர்க்கரை ஒரு மேசைக் கரண்டி. மூன்றையும் ஒரு கொதி விட்டு ஆற வைக்கவும். பிறகு துருவிய இஞ்சி ஒரு மேசைக் கரண்டியும், நசுக்கிய பூண்டு நான்கு பல்லும் சேர்க்கவும். பூண்டுக்கு வடுகபட்டி அருகிலேயே இருக்கிறது. இஞ்சியைக் கொதிக்கும்போது போடாதீர்கள். இறைச்சியை மிருதுவாக்கும் நொதி ஒன்று பச்சை இஞ்சியில் உண்டு; கொதித்தால் அது செயலிழந்து விடும். எள் மணம் விரும்புவோர் ஒரு தேக்கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்துப் போடலாம். ஜப்பானில் பயன்படுவது வறுத்த எள்ளின் எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெயில் அந்த மணம் வராது.

தனியாக உப்புப் போட வேண்டாம். 100 மி.லி. சோயா சாஸில் சுமார் 16 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு கிலோ இறைச்சிக்கு அது போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்து அளவாக உண்ண வேண்டும். கடையில் வாங்கும்போது, நொதிக்க வைத்துத் தயாரித்தது என்று அச்சிட்ட புட்டியாகப் பார்த்து வாங்கவும். சோயா மொச்சையை அமிலத்தில் சிதைத்து, நிறம் சேர்த்து விற்கும் மலிவான சாஸில் மணம் குறைவு.

மீன் துண்டுகளுக்கு 20 நிமிடம் போதும். கோழிக்கறி ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் ஊறலாம். காளான், கத்தரிக்காய், பன்னீர்க்கட்டி இவற்றுக்கு அரை மணி நேரம். முட்டையிட்டு ஓய்ந்த கிழக்கோழி இதில் எவ்வளவு ஊறினாலும் பஞ்சாகி விடாது. அதை முதலில் முக்கால் பதம் வேக வைத்து, பிறகு ஊற வைத்துச் சுட வேண்டும். பச்சைப் பப்பாளிக் காயை அரைத்து ஒரு தேக்கரண்டி தடவி அரை மணி நேரம் வைப்பதும் உண்டு. அதிலுள்ள பப்பைன் தசை நாரைச் சிதைக்கும். நேரம் கூடினால் கறி மேலெல்லாம் மாவாகி விடும். நாட்டுக்கோழிக்கு நம் மிளகுக் குழம்பே மேல் என்று சொல்பவர்களோடு நாம் வாதாடப் போவதில்லை.

சுடுவதற்குத் தேங்காய் ஓட்டுக் கரி நல்லது. சாற்றில் இனிப்பு இருப்பதால் தீ அதிகமானால் மேலே கரிந்து உள்ளே வேகாது. முதலில் கறியை அடக்கமான தணலில் வேக விட்டு, இறக்குவதற்குச் சற்று முன்பு சாற்றை இரண்டு மூன்று முறை பூச வேண்டும். எலும்பை ஒட்டிய இடத்தில் இளஞ்சிவப்பு நீர் வந்தால் இன்னும் வேகவில்லை என்று பொருள்.

இவ்வாறு ஊறிய இறைச்சி கெடாது என்று எண்ணி விடக் கூடாது. கருவாட்டுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பிட்டு, பிறகு உலர்த்துகிறோம். இங்கே நூறு பங்குக்கு இரண்டு பங்கு உப்புக்கூட இல்லை. ஆகவே நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் குளிர்ப்பெட்டியில் ஊற வைக்கவும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அடுப்பு மூட்டும் நேரத்தில் ஊற வைத்தால் போதும். பூசுவதற்கு வேண்டிய சாற்றை இறைச்சி படுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைக்க வேண்டும். பச்சை இறைச்சி ஊறிய சாற்றைக் கொட்டி விடவும். இஞ்சி, பூண்டு சேர்க்காத சாற்றைக் கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் பயன்படுத்தலாம். மேலே நுரை கட்டினால் திராட்சை புளிக்கத் தொடங்கி விட்டது. அந்தப் புட்டி வேண்டாம்.