முன்சீப்பு பாடிய பாட்டு

1965 ஜனவரித் திங்களின் இறுதியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி சென்னை மாநிலமெங்கும் பரவியபோது, நான் காவிரிக் கரையிலுள்ள ஓர் ஊரில் பள்ளியிறுதி வகுப்பு மாணவன். எங்கள் வகுப்பு முழுவதும் வெளியேறித் தெருவில் ஊர்வலமாய்ச் சென்றது. 'தமிழ் வாழ்க' என்று தொண்டை கட்டும்வரை முழங்கினேன். அடுத்த ஞாயிறன்று அதே கட்டிய தொண்டையோடு கோவிலில் பாடகர் குழுவில் நின்று 'குளோரியா'வை இலத்தீனில் பாடினேன். ஒரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியாது.

பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில் வகுப்புத் தோழன் ஒருவன், "உங்கள் சாமிக்குத் தமிழ் தெரியாதாடா?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். ஆயினும் எனக்கு மறுமொழி எழவில்லை. வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாளிலேயே ஏடு வெளியிட்டிருந்தது; அந்த மாற்றம் எங்கள் ஊர் வாயிலுக்கு அப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது.

அவ்வாண்டுத் திருவிழாவில், தேர்ப்பவனிக்கு வழக்கம்போல் வந்திருந்த நாகசுரக்காரர் ஒரு கீர்த்தனையை வாசித்தார். கேட்டு மயங்கி நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, இது உங்க வேதநாயகம் பிள்ளை பாட்டு. மாயூரத்து முன்சீப்பு. தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. நெற்றி நிறையத் திருநீறு அணிந்திருந்த அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் 1826இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்து முன்சீப்பாக உயர்ந்தவர். ஆங்கிலத்தில் கிடந்த மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அக்கதைக்குள்ளேயே, தமிழ் வழங்கும் நாட்டில் வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கண்டு நொந்துகொள்கிறார். கட்சிக்காரனுக்குப் புரியாத மொழியில் அவன் சொத்தும் மானமும் தீர்க்கப்படுவது என்ன நியாயம் என்பது அவர் கவலை. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது 2006இல். முன்சீப்பு மறைந்தது 1889இல். இடையில் எத்தனை ஆண்டுகள் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இசையிலும் அவர் அதே வழியில்தான் நின்றார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய நண்பர். கத்தோலிக்கருக்கென்று 'சத்திய வேதக் கீர்த்தனை' பாடியவர், எவரும் பாடத்தக்கதாய் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களையும் இயற்றினார். இது 1878இல் வெளிவந்தது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு. இராகம், தாளம் எல்லாம் உண்டு. இறைவனைப் பாடுகையில் ஒரு சமயத்துக்கே உரிய பெயரைச் சொல்லாமல் பாடுவார். உத்தியோகத்தின் தொல்லையையும் குடும்பத்தின் இன்னலையும்கூடக் கீர்த்தனையாக்கினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தவர். ஆதலால் அப்பாட்டுகளில் பசி என்ற சொல் வெறும் சொல்லன்று.

தமிழில் பாடினால் கச்சேரி களைகட்டாது என்று பெரிய வித்துவான்களே சொன்ன காலம் பின்னர் வந்தது. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று வளர்த்த தமிழிசை இயக்கம் 1940களில் அதனை எதிர்த்து எழுந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அதற்கும் முன்பே, தஞ்சையில் மருத்துவராயிருந்த ஆபிரகாம் பண்டிதர் என்னும் கிறிஸ்தவர் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை 1917இல் அச்சிட்டுத் தமிழிசையின் பழமையை நிறுவ முற்பட்டார். தமிழன் வேறு, கிறிஸ்தவன் வேறு என்று எவரேனும் என்னிடம் சொன்னால் இவ்விருவர் பெயரையும் சொல்லிவிட்டு வாளாவிருப்பேன்.

இத்தனையும் படித்தவன் என்ன செய்தேன் தெரியுமா? 1970களில் எங்கள் பங்கிற்கு வந்த இளம் பாடல் ஆசிரியர் ஒருவர், திருப்பலியின் காணிக்கைப் பாடலாக முன்சீப்பின் கீர்த்தனை ஒன்றை மிருதங்கத்தோடு பாட விரும்பினார். பங்குக் கூட்டத்தில் முதலில் எழுந்து எதிர்த்தவன் நான்! "இது கோவிலா, கச்சேரி மண்டபமா?" என்றேன். தேரின் முன்னே நாகசுரம் ஒலிக்கலாம், கோவில் வாயிலுக்குள் மட்டும் மிருதங்கம் நுழையலாகாது என்பது என் வாதம். தெருவில் தமிழுக்குக் குரல் கொடுத்தவன் கோவிலுக்குள் அதைச் சந்தேகித்தேன். இலத்தீன் போனதில் எனக்கு ஒரு துக்கமும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஆசிரியர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த ஆண்டு வேறு ஊர் சென்றுவிட்டார்.

இன்று எங்கள் பாடகர் குழுவில் மின் இசைப்பலகை இருக்கிறது. பாடல்கள் எல்லாம் தமிழே. மெட்டுகளில் சில திரைப்படத்திலிருந்து நடந்து வந்தவைபோல் ஒலிக்கின்றன. குறை சொல்ல எனக்கு வாய் ஏது? பாட்டு வகுப்புக்குப் போகும் என் பேத்தி சென்ற மாதம் ஒரு கீர்த்தனையைப் பாடிக்காட்டி, "தாத்தா, இதை எழுதினவர் நம்ம ஆளாமே?" என்றாள். ஆம் என்றேன். இதைக் கோவிலில் பாடலாமா என்று கேட்டாள். வரும் ஞாயிறு அவளை அழைத்துக்கொண்டு பங்குத் தந்தையைப் பார்க்கப் போகிறேன். மிருதங்கத்துக்கும் சேர்த்தே அனுமதி கேட்பதாய் இருக்கிறேன்.