ரயில் கழிப்பறை ஏன் அடைத்துக்கொள்கிறது?

திருப்பதியிலும் சித்தூரிலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர்ப் பயணம் என்றாலே பெரும்பாலும் ரயில்தான். ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி வழியாகச் சென்னைக்கோ, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கோ போய் வராத வீடு நம்மில் குறைவு. "கக்கூஸ்ல தண்ணி போகவே மாட்டேங்குதுங்க" என்ற குரலைக் கேட்காத பயணமும் குறைவு. கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதித் தொல்லை தீரும்.

முன்பெல்லாம் அடைப்பதற்கு வழியே இல்லை. கோப்பைக்குக் கீழே நேராகத் தண்டவாளம், அவ்வளவுதான். அதனால்தான் நிலையத்தில் வண்டி நிற்கும்போது கழிப்பறைக்குப் போகாதீர்கள் என்று எழுதி வைத்தார்கள். விழுந்தது தண்டவாளத்தை அரித்தது. அதைவிடக் கொடுமை, நிலையத்தில் விழுந்ததை வாரிச் சுத்தம் செய்தவர் ஒரு மனிதர். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் புதிய சட்டம் வந்தது 2013-இல்.

இதற்கு மாற்றாகத்தான் உயிரிக் கழிப்பறை வந்தது. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் உருவாக்கிய பாக்டீரியா முறையை ரயில்வே எடுத்துக்கொண்டது. 2011-இல் புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் முதலில் பொருத்தினார்கள். 2016-இல் நம் மானாமதுரை - ராமேஸ்வரம் பாதை, 114 கிலோமீட்டர், மலம் விழாத முதல் பாதையாக அறிவிக்கப்பட்டது. பிறகு நாடு முழுவதும் பரவியது.

உள்ளே நடப்பது சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதேதான். பெட்டிக்கு அடியில் எஃகுத் தொட்டி. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் மலத்தைத் தின்று நீராகவும் வாயுவாகவும் ஆக்குகின்றன. மிஞ்சும் நீர் குளோரின் பட்டு வெளியேறும். கோப்பைக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு வளைகுழாய் உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, தொட்டியின் நாற்றம் மேலே வராமல் தடுக்கும். அடைப்பு பெரும்பாலும் விழுவது அந்த வளைவில்தான். தண்ணீர் பாட்டில், குட்கா பொட்டலம், செய்தித்தாள், நாப்கின், துணி. எல்லாவற்றிலும் மோசமானது குழந்தையின் டயாப்பர். தண்ணீர் ஊற்ற ஊற்ற அது ஊதிப் பெருத்து இறுகிக்கொள்ளும். ஆகவே கோப்பையில் தண்ணீர் நின்றால் மேலும் மேலும் ஊற்றாதீர்கள்.

தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்றால் கதை வேறு. வளைவில் தண்ணீர் வற்றியிருக்கலாம். ஒரு குவளை ஊற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தொட்டிக்குள் பாக்டீரியா செத்திருக்கலாம். ஆசிட்டும் பினாயிலும் அவற்றுக்கு எமன். வீட்டுப் பழக்கத்தில் பையில் பினாயில் கொண்டுவந்து ஊற்றும் சுத்தக்காரர்கள் தயவுசெய்து கவனிக்க! குழாயிலேயே தண்ணீர் வரவில்லை என்றால் அது கழிப்பறைக் குறையே அல்ல. பெட்டியின் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

2023 ஏப்ரலில் தொடங்கிய செகந்திராபாத் - திருப்பதி வந்தே பாரத்தில் இருப்பது வெற்றிடக் கழிப்பறை. கப்பலிலும் விமானத்திலும் இருக்கும் வகைதான். பொத்தானை அழுத்தினால் 'புஸ்' என்று காற்று இழுத்துக்கொள்ளும். தண்ணீர் மிகக் கொஞ்சமே செலவாகும். சத்தம் வராவிட்டால் சற்றுப் பொறுத்து ஒருமுறை அழுத்துங்கள். அடுத்த அறையில் வேலை செய்கிறது என்றால் இந்த அறையின் வால்வில்தான் ஏதோ சிக்கியிருக்கிறது. எந்த அறையிலும் இழுக்கவில்லை என்றால் காற்றிலோ மின்சாரத்திலோ கோளாறு. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

2017-இல் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, சுமார் 25,000 உயிரிக் கழிப்பறைகளில் ஏறத்தாழ 2 லட்சம் குறைகளைச் சொன்னது. அவற்றில் பாதிக்கு மேல் அடைப்பு. குப்பைத் தொட்டியும் குவளையும் இல்லாத பெட்டிகளையும் அந்த அறிக்கை எண்ணியது. பயணியை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தொட்டி இல்லாத இடத்தில் அம்மா அந்த டயாப்பரை எங்கேதான் போடுவாள்? ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துப் போவது உத்தமம்.

அடைத்துவிட்டால் 139-ஐ அழைத்துப் பி.என்.ஆர். எண், பெட்டி எண், எந்த முனைக் கழிப்பறை என்று மூன்றையும் சொல்லுங்கள். குச்சியால் குத்தாதீர்கள், உள்ளே தள்ளியது இன்னும் ஆழத்தில் சிக்கும். வண்டி போய்ச் சேர்ந்ததும், தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி, தலைக்கு மேலே அந்தக் குழாயைத் திறந்து அதை எடுக்கப்போகிறவரும் ஒரு தொழிலாளிதான்.