கம்பெனி கூட்டித் தர்ற வேகமும் நாமே கூட்டிக்கிற வேகமும்

"கையில இன்னும் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் இருக்கு. அதுல வேகமான மாடலையே வாங்கிடலாமா, இல்ல சாதா மாடலை எடுத்துட்டு வெளியில வேலை பார்த்துக்கலாமா?"

கார் பைத்தியம் பிடித்த பையன்கள் இருக்கிற எல்லா ஊரிலும் இந்தக் கேள்வி உண்டு. எங்கள் கறம்பக்குடிப் பக்கம் இதற்கு இரண்டு பதில்தான் நான் கேட்டிருக்கிறேன். ஒன்று, "கம்பெனிக்காரன் சிவப்புக் கோடு போட்டு ஸ்டிக்கர் ஒட்டிக் காசு பறிக்கிறான்." இன்னொன்று, "வெளியில கை வெச்சா வண்டி காலி." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா கம்பெனி பேக்கேஜுக்குக் கொடுக்கிற அந்தக் கூடுதல் காசு எதுக்குப் போகுதுங்கிறதை ரெண்டு கட்சியுமே சொல்றதில்லை. அதைத் தெரிஞ்சுக்க ஜெர்மனி வரைக்கும் போக வேண்டாம். கோயம்புத்தூர் போதும்.

2018 அக்டோபரில் டாடா மோட்டார்ஸ் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்று இரண்டு கார்களை விற்பனைக்கு விட்டது. அந்த 'ஜே' என்பது ஜெயம். பந்தயக் கார் ஓட்டிப் பெயர் வாங்கிய ஜே. ஆனந்தின் கோவை நிறுவனமான ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். டாடாவும் ஜெயமும் பாதிக்குப் பாதி பங்கு போட்டு 2017-ல் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. அதன் முதல் சரக்குதான் இந்த இரண்டும். டியாகோ ஜேடிபியின் ஷோரூம் விலை டெல்லியில் 6.39 லட்சம், டிகோர் 7.49 லட்சம். சாதா டியாகோவின் மேல் மாடலை விட லட்ச ரூபாய் வாக்கில் கூடுதல்.

அந்த ஒரு லட்சத்துக்கு என்ன செய்தார்கள்? சாதா டியாகோவில் இருந்தது டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 85 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர் டார்க். ஜேடிபியில் அதை எடுத்துவிட்டு நெக்ஸானில் இருந்த 1.2 லிட்டர் டர்போவை வைத்தார்கள். 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 10 நொடிக்குக் கொஞ்சம் குறைவு என்று கம்பெனி சொன்னது.

இங்கே ஒரு இடத்தில் நிறுத்திப் பாருங்க. அதே காலத்தில் நெக்ஸானில் அந்த இன்ஜின் கொடுத்தது 110 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். அதாவது 'பெர்ஃபார்மன்ஸ்' என்று பேர் வைத்த காரில் குதிரைத்திறனை ஏற்றியவர்கள் டார்க்கை இறக்கியிருக்கிறார்கள்! நெக்ஸானில் ஆறு கியர், ஜேடிபியில் ஐந்து. சின்னக் காரின் கியர்பாக்ஸும் கிளட்சும் தாங்க வேண்டுமே என்று கணக்குப் போட்டிருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. குறைந்த டார்க்கை ஈடுகட்ட கியர் விகிதங்களை நெருக்கி வைத்தார்கள். அதனால்தான் ஓட்டும்போது விறுவிறுன்னு இருக்கும். வெளியில டியூன் பண்ற யாராவது "உங்க வண்டியில டார்க்கைக் கொஞ்சம் குறைச்சிருக்கேன் அண்ணே, கியர்பாக்ஸுக்கு நல்லது" என்று சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?

உயரத்திலும் அதே கதை. தரைக்கும் வண்டிக்கும் இருந்த 170 மில்லிமீட்டர் இடைவெளியை 166 ஆக்கினார்கள். வெறும் 4 மில்லிமீட்டர். நம்மாளுங்க ஸ்பிரிங்கை வெட்டி இரண்டு விரல் இறக்கிவிட்டு, அப்புறம் ஊருக்குள்ள ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி ஏற்றுகிறதைப் பார்க்கும்போது இந்த 4 ஞாபகம் வரும்.

இதை எல்லாம் வெளியிலும் செய்ய முடியாதா? முடியும். அதுதான் சுவாரசியமே. டர்போ இல்லாத பெட்ரோல் காருக்கு ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றி, ரீமேப்பும் போட்டால் கிடைப்பது அற்பம், சத்தம்தான் கூடும். ஏனென்றால் அந்த இன்ஜின் எவ்வளவு காற்றை உறிஞ்ச முடியுமோ அவ்வளவுதான் உறிஞ்சும். டர்போ இருந்தால் கதை வேறு. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. எவ்வளவு அழுத்தலாம், எவ்வளவு எரிபொருள் விடலாம் என்பதை ஈசியூ என்கிற கணினி தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். டர்போ டீசலுக்கு 20 சதவீதத்துக்கு மேல் டார்க் கூடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பல வண்டிகளில் கூடவும் செய்யும், பொய்யில்லை.

"அப்ப கம்பெனி ஏன் அதை முதல்லயே கொடுக்கலை?" நியாயமான கேள்வி. நம்ம ஊரில் ஒரு காலத்தில் எங்கே திரும்பினாலும் இருந்த ஸ்விஃப்ட் டீசலை எடுத்துக்குங்க. 1.3 லிட்டர் ஃபியட் இன்ஜின், 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். அதே இன்ஜினை மாருதி எஸ்எக்ஸ்4-லும் எர்டிகாவிலும் 90 குதிரைத்திறனுக்கு விற்றது. சாஃப்ட்வேரை மட்டும் மாற்றியா? இல்லை, டர்போவையே மாற்றி. வேகத்துக்கு ஏற்ப உள்ளே இதழ்கள் திரும்பிக் காற்றின் வழியை மாற்றிக்கொள்ளும் வகை டர்போ அது. 15 குதிரைத்திறன் ஏற்ற ஒரு புது டர்போ. டார்க் 200-க்குப் போனது, அவ்வளவுதான். பத்தே பத்து கூட. மென்பொருளாலேயே ஏற்றுகிறவர் அதே பழைய டர்போவை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கிறார், அதே கிளட்ச் பிளேட்டுக்கு இன்னும் பாரம் தருகிறார்.

கம்பெனி விட்டு வைக்கிற அந்த இடைவெளி சும்மா கிடப்பதில்லை. சித்திரை வெயில், ஏசி ஓடுகிறது, அஞ்சு பேர், மேலே கேரியரில் மூட்டை, ஆயிலை மாற்றிப் பல மாதம் ஆயிற்று, எந்த பங்கில் போட்ட டீசலோ. இத்தனையும் ஒரே நாளில் சேர்ந்து வந்தாலும் இன்ஜின் பிழைக்க வேண்டும் என்பதற்கு வைத்த ஒதுக்கீடு அது. ரீமேப் அந்த ஒதுக்கீட்டிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறது. நல்ல டியூனர் கொஞ்சமாக எடுப்பார், புகையையும் வெப்பத்தையும் அளந்து பார்ப்பார். மோசமானவர் எங்கிருந்தோ இறக்கிய ஃபைலை ஏற்றிவிட்டு "போய் மிதிச்சுப் பாருங்க" என்பார். அன்றைக்கு ரெண்டுமே ஒரே மாதிரிதான் பாயும். வித்தியாசம் தெரிய ரொம்ப நாள் ஆகும்.

இதே கணக்கை இங்கிலாந்தில் வேறு மாதிரி பார்க்கலாம். ஃபோர்டு ஃபோகஸ் எஸ்டி காருக்கு மவுன்டியூன் என்கிற டியூனர் ஒரு கிட் செய்தது. அப்போது டீலரிடமே பூட்டிக்கொள்ள முடிந்தது, ஃபோர்டு வாரன்ட்டி அப்படியே நின்றது. 250 குதிரைத்திறன் 275 ஆனது. பத்தே சதவீதம். வாரன்ட்டி எதுவும் தராத கடைகள் அதே மாதிரி இன்ஜினில் இதைவிட நிறையத் தருவதாகச் சொல்லும். உடைந்தால் யார் காசு என்பதைப் பொறுத்து எண் எப்படிச் சுருங்குது பாருங்க.

திறமை கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டால் தப்பு. இன்றைக்கு மெர்சிடஸின் பெருமையாக இருக்கும் ஏஎம்ஜி, 1967-ல் இரண்டு பேர் தனியாகத் தொடங்கிய பட்டறை. 1990-ல்தான் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம். முழுசாகக் கம்பெனி கைக்குப் போனது 2005-ல். மினி கூப்பரில் வருகிற 'கூப்பர்' பந்தயக் கார் கட்டிய ஜான் கூப்பர். 1961-ல் அவர் சொல்லி வந்த மினியில் இன்ஜினைப் பெரிதாக்கியதோடு முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டார்கள். ஜெயமும் அந்த வழிதான். கோவையில் பந்தயத்துக்கு வண்டி தட்டிக்கொண்டிருந்த கைகள் டாடா பேட்ஜுக்குக் கீழே வந்தன. கை மாறவில்லை, காகிதம்தான் மாறியது. சோதனை மையத்தில் ஒப்புதல் வாங்கிய மாடலாக ஆயிற்று. ஆர்சி புக்கில் ஏறியது, இன்சூரன்ஸ்காரர் கணினியில் ஏறியது.

இந்தக் காகிதத்தை நம்மாட்கள் லேசாக எடுத்துக்கிறாங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டு ஆர்சியில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்க. டர்போவை வெளியில் பூட்டிய வண்டி புதுக்கோட்டை ஆர்டிஓ ஆபீசில் எஃப்சிக்கு நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியது டியூனர் இல்லை, நீங்கதான். ரீமேப் கண்ணுக்குத் தெரியாது, சரி. "பழைய ஃபைலைத் திரும்ப ஏத்திட்டா சர்வீஸ் சென்டருக்குத் தெரியாது" என்றும் சொல்வார்கள். எத்தனை முறை எழுதினார்கள் என்று எண்ணி வைக்கிற ஈசியூக்கள் உண்டு.

இவ்வளவு சொன்னதால் நான் கம்பெனி கட்சி என்று முடிவு கட்ட வேண்டாம். ஜேடிபி கதையின் மீதியைக் கேளுங்க. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தது. அந்த விதிக்கு ஏற்ற ஜேடிபி வரவேயில்லை. அந்த வருஷமே கூட்டு நிறுவனமும் முடிந்தது. ஜெயத்தின் பங்கை டாடாவே வாங்கிக்கொண்டது. விற்பனையில் இருந்தது ஒன்றரை வருஷம். வாரன்ட்டி ஓடும் வரைதான் கம்பெனி உங்களோடு நிற்கும். அதற்கப்புறம் இந்த வண்டிக்கு மட்டும் உரிய பாகத்தைத் தேடுகிறவரும், வெளியில் வேலை பார்த்த வண்டிக்குப் பாகம் தேடுகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். இன்ஜின் நெக்ஸானுடையது என்பதால் அந்தப் பக்கம் பயம் குறைவு. பம்பரும் ஸ்பிரிங்கும்தான் இழுக்கும்.

பேக்கேஜ் என்ற பெயரில் வருவது எல்லாம் முழுமையும் இல்லை. 114 குதிரைத்திறன் கொடுத்த ஜேடிபியில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் (நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தயாரிப்பு) இதற்கு நேர் எதிர். இன்ஜினைத் தொடவே இல்லை. சாதா ஐ20 டர்போவில் இருந்த அதே 120 குதிரைத்திறன். சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், ஸ்டீயரிங்கை மாற்றினார்கள், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டார்கள், சைலன்சர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். "பவரே ஏத்தலை, இது என்ன பெர்ஃபார்மன்ஸ்?" என்று அப்போது நிறையப் பேர் கிண்டலடித்தார்கள். எனக்கு அந்தப் பேக்கேஜ்தான் நேர்மையாகத் தெரிகிறது. 80-ல் போகிற வண்டி 100-க்குப் போனால் வேகம் கால்பங்குதான் கூடுகிறது. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் பாதிக்கு மேல் கூடிவிடும்.

எங்க ஊரிலிருந்து டீலர் ஒர்க்‌ஷாப் என்றால் புதுக்கோட்டை, இல்லன்னா தஞ்சாவூர், திருச்சி என்று ஓட வேண்டும். போகிற வழியெல்லாம் தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர், திடீரென்று குறுக்கே வரும் ஆடு, பெயின்ட் அழிந்த வேகத்தடை. இந்த ரோட்டுக்கு அந்த ஒன்றரை லட்சத்தை எப்படிச் செலவு செய்யலாம் என்று கேட்டால், புது வண்டி எடுப்பவருக்கு என் பதில்: கம்பெனியின் டர்போ மாடலையே எடுங்க, ஸ்போர்ட் பேட்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். டர்போ இல்லாத வண்டியை வாங்கி டர்போ ஆக்கும் வேலையே வேண்டாம். ஏற்கெனவே பழைய டீசல் வைத்திருப்பவருக்கு வேறு பதில்: முதலில் தயாரிப்பாளர் அனுமதித்த அளவில் நல்ல டயர் நாலு, நல்ல பிரேக் பேட், தேய்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றுவது. எல்லாம் சேர்த்தும் ஒன்றரை லட்சத்தில் பாதி கூட ஆகாது, ஆர்சி புக்கிலும் ஒரு எழுத்து மாற வேண்டியதில்லை. அதுக்கப்புறமும் ரீமேப் ஆசை அடங்கலைன்னா, டியூனரிடம் எவ்வளவு குதிரைத்திறன் ஏறும் என்று கேட்காதீங்க. கிளட்ச் போனால் யார் மாற்றித் தருவது என்று கேளுங்க, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்க.